எல்லா ‘அல்’லும் அரபு அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆறுதலாக வாசித்து, பிடித்திருந்தால் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் அடிக்கடி வந்து போகிறது. ஏ, எல் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை வரிசையாகப் போட்டு, “இவை அனைத்தும் அரபுச் சொற்கள். முஸ்லிம்கள் உலகுக்குக் கொடுத்தவை. பகிருங்கள்” என்று முடித்திருப்பார்கள். ‘அல்ஜீப்ரா’ அதில் இருக்கும். அதற்குக் கீழே ‘அல்பம்’ இருக்கும். இன்னும் கீழே ‘ஓல்வேய்ஸ்’ கூட இருக்கும்!

இதற்கு நேர் எதிரான ஒரு பேச்சும் இருக்கிறது. “அரபிகள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. கிரேக்கரிடமும் இந்தியரிடமும் இருந்ததைப் பெட்டி மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டும் சரியில்லை. சொற்களின் வரலாறே இரண்டுக்கும் பதில் சொல்கிறது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் ‘அல்’ என்றால் என்ன?

அரபியில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘அல்’ சேர்த்தால், அது குறிப்பிட்ட அந்தப் பொருளைக் குறிக்கும். ஆங்கிலத்தின் ‘த’ என்ற சொல் செய்யும் வேலைதான். ‘கிதாப்’ ஒரு நூல். ‘அல்கிதாப்’ அந்த நூல்.

குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இன்னொரு விடயமும் தெரியும். சில எழுத்துகளுக்கு முன்னால் ‘லாம்’ ஒலிக்காது. ‘அல் ஷம்ஸ்’ என்று எழுதி ‘அஷ்ஷம்ஸ்’ என்று ஓதுவோம். ‘அல் ரஹ்மான்’ என்பது ‘அர்ரஹ்மான்’ ஆகும். ஷம்ஸிய்யா எழுத்துகள், கமரிய்யா எழுத்துகள் என்று உஸ்தாத் பிரித்துச் சொல்லித் தந்தது நினைவிருக்கும்.

அந்தப் பாடம் ஐரோப்பிய மொழிகளுக்குள்ளும் வேலை செய்கிறது. ஸ்பானிய மொழியில் சோற்றுக்கு ‘அர்ரோஸ்’. அது ‘அர்ருஸ்’. எண்ணெய்க்கு ‘அசெய்தே’. அது ‘அஸ்ஸைத்’. சீனிக்கு ‘அசூகார்’. அது ‘அஸ்ஸுக்கர்’. இந்தச் சொற்களில் ‘ல’ என்ற ஒலியே இல்லை. ஆனாலும் உள்ளே இருப்பது அதே ‘அல்’தான்.

ஆக, ‘அல்’ இருந்தால் அரபு, இல்லாவிட்டால் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவே முடியாது. ‘அல்’ மறைந்திருக்கும் அரபுச் சொற்கள் உண்டு. ‘அல்’ இருந்தும் அரபு அல்லாத சொற்கள் அதைவிட அதிகம்.

*

அரபு அல்லாதவர்களை முதலில் வரிசையிலிருந்து எடுத்துவிடுவோம்.

ஒன்று, சொந்த ஆங்கிலக் குடும்பம். ‘ஓல்ஸோ’, ‘ஓல்மோஸ்ட்’, ‘ஓல்வேய்ஸ்’, ‘ஓல்ரெடி’, ‘ஓல்தோ’. இவை எல்லாவற்றிலும் இருப்பது ‘எல்லாம்’ என்று பொருள்படும் ‘ஓல்’. ‘அலோன்’ கூட இந்த வீட்டுப் பிள்ளைதான். ‘ஓல்’, ‘வன்’ இரண்டும் ஒட்டிப் பிறந்தது. முழுக்க ஒருவராய், அதாவது தனியாக.

இரண்டு, வெள்ளைக் குடும்பம். லத்தீனில் ‘அல்புஸ்’ என்றால் வெள்ளை. உரோமர்கள் பொது அறிவித்தல்களை எழுதி வைத்த வெள்ளைப் பலகைக்கு ‘அல்பம்’ என்று பெயர். அதுதான் இன்று கலியாண வீட்டுப் படங்கள் ஒட்டும் அல்பம். முட்டை வெள்ளைக்கருவின் ‘அல்புமின்’, தோலில் நிறமில்லாதவரைக் குறிக்கும் ‘அல்பினோ’ எல்லாம் இதே வேர்.

மூன்று, உயரக் குடும்பம். லத்தீன் ‘அல்துஸ்’ என்றால் உயரம். ‘அல்டிடியூட்’ இதிலிருந்து வந்தது.

நான்கு, ‘வேறு’ குடும்பம். லத்தீனில் ‘அலியுஸ்’, கிரேக்கத்தில் ‘அல்லோஸ்’. வேற்று ஆளைக் குறிக்கும் ‘ஏலியன்’ இதிலிருந்து வந்தது. குற்றம் நடந்த நேரம் நான் வேறு இடத்தில் இருந்தேன் என்று நீதிமன்றத்தில் காட்டும் ‘அலிபி’யும் இதுதான். ‘அலர்ஜி’ இந்தக் குடும்பத்தில் கடைசியாகப் பிறந்தது. 1906ஆம் ஆண்டு வியன்னாவில் கிளெமென்ஸ் வொன் பிர்கே என்ற குழந்தை வைத்தியர் கிரேக்க வேர்களைக் கொண்டு உருவாக்கிய சொல் அது.

தனியாக வந்தவையும் உண்டு. விஞ்ஞானப் பாடத்தில் வரும் ‘அல்கா’ லத்தீனில் கடற்பாசி. எழுத்தில் ‘அல்ஜீப்ரா’வோடு முதல் மூன்று எழுத்துகள் பொருந்தும், உறவு ஒன்றும் இல்லை. ‘அல்பிரட்’, ‘அல்பர்ட்’ என்பவை பழைய ஜெர்மானியப் பெயர்கள்.

‘அலிகேட்டர்’ என்ற முதலையின் கதை வேடிக்கையானது. ஸ்பானியர்கள் ‘எல் லகார்தோ’ என்றார்கள். ‘அந்தப் பல்லி’ என்று பொருள். ஆங்கிலேயர்கள் ‘எல்’லையும் சேர்த்து ஒரே சொல்லாகக் கேட்டார்கள். இங்கே இருக்கும் ‘எல்’ ஸ்பானிய மொழியின் சொந்தச் சொல், லத்தீனிலிருந்து வந்தது. அரபு ‘அல்’லுக்கும் அதற்கும் பார்வைக்கு மட்டும்தான் ஒற்றுமை.

இதைவிட வேடிக்கை வாதுமை. ஆங்கிலத்தில் ‘ஆமண்ட்’ என்று சொன்னாலும் எழுதும்போது ஏ, எல் என்றுதான் தொடங்கும். கிரேக்கச் சொல் ‘அமிக்தாலே’. அதில் ‘ல்’ அந்த இடத்தில் இல்லவே இல்லை. ஸ்பெயினில் ‘அல்’லில் தொடங்கும் சொற்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்கள், இதற்கும் ஒரு ‘ல்’லைச் சேர்த்து ‘அல்மெந்த்ரா’ ஆக்கிவிட்டன. அரபு அல்லாத சொல்லுக்கு அரபுத் தொப்பி!

இன்னொன்று ‘அல்பபெட்’. கிரேக்க ‘அல்பா’, ‘பீற்றா’ என்ற முதல் இரண்டு எழுத்துகளின் பெயர் அது. அரபு ‘அல்’ அதில் இல்லை. ஆனால் கிரேக்கர்கள் எழுத்துகளைப் பீனீசியர்களிடமிருந்து பெற்றார்கள். பீனீசியரின் முதல் எழுத்து ‘அலெப்’, எருது என்று பொருள். நமது ‘அலிப்’பும் அதே குடும்பத்து எழுத்துதான். ஆகவே அல்பாவும் அலிப்பும் சகோதரர்கள். ஒருவர் மற்றவரின் தந்தை அல்ல.

*

இனி உண்மையான அரபுச் சொற்களுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு கேள்வி. ஆங்கிலத்தில் ‘கொட்டன்’, ‘சுகர்’, ‘சிரப்’, ‘லெமன்’ போன்ற சொற்களும் அரபு வழியாக வந்தவையே. இவற்றில் ‘அல்’ இல்லை. ‘அல்கலி’, ‘அல்கோவ்’ போன்றவற்றில் மட்டும் ஏன் ‘அல்’ ஒட்டிக்கொண்டது?

பதில் வரைபடத்தில் இருக்கிறது.

711ஆம் ஆண்டு தாரிக் பின் ஸியாத் ஐபீரியக் கரையில் இறங்கினார். ஜிப்ரால்டர் என்ற பெயரே ‘ஜபல் தாரிக்’, தாரிக்கின் மலை. 1492இல் கிரனாடா வீழும் வரை, பரப்புக் கூடியும் குறைந்தும், அங்கே முஸ்லிம் ஆட்சி இருந்தது. ஏறக்குறைய 780 வருடங்கள். சந்தையிலும் வயலிலும் சமையலறையிலும் அரபு பேசப்பட்டது. அரபு இலக்கணம் படிக்காத மக்கள் காதால் கேட்டபடியே சொற்களை எடுத்தார்கள். காதில் ‘அல்குத்ன்’ என்றே விழுந்தது. அதனால் ஸ்பானிய மொழியில் பஞ்சு ‘அல்கொதோன்’.

இத்தாலி வணிகர்களுக்கும் சிசிலித் தீவினருக்கும் அதே பொருள் வேறு வழியில் போனது. அவர்கள் ‘குத்ன்’ என்பதை மட்டும் எடுத்து ‘கொதோனே’ ஆக்கினார்கள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘கொட்டன்’ ஆனது. சீனியும் அப்படித்தான். ஸ்பெயினில் ‘அசூகார்’, இத்தாலியில் ‘சுக்கெரோ’, ஆங்கிலத்தில் ‘சுகர்’.

ஆகவே ஓர் அரபுச் சொல்லில் ‘அல்’ ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் ஸ்பெயின் வழியாகவோ, ஸ்பெயினில் மொழிபெயர்க்கப்பட்ட நூல் வழியாகவோ வந்தது என்று ஊகிக்கலாம். சொல்லின் முன்னால் உள்ள இரண்டு எழுத்து, அது வந்த பாதையின் முத்திரை.

அந்த நூல்களின் பாதையில் முக்கியமான ஊர் தொலேடோ. 1085இல் அது கிறிஸ்தவ மன்னரான ஆறாம் அல்போன்சோவின் கைக்கு மாறியது. ஊர் மாறியது, நூல்கள் இருந்தன. அரபு தெரிந்த கிறிஸ்தவர்களும் யூதர்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். இத்தாலியின் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்ட் என்பவர் ஒரே ஒரு நூலைத் தேடி அங்கு வந்தார். வந்தவர் அரபு படித்தார், திரும்பிப் போகவில்லை. 1187இல் இறக்கும் வரை 70க்கும் மேற்பட்ட நூல்களை அரபியிலிருந்து லத்தீனுக்கு மாற்றினார்.

அவர் தேடி வந்த நூலின் பெயர் ‘அல்மஜெஸ்ட்’. கிரேக்க வானியலாளர் தொலமியின் நூல். ‘மிகப் பெரியது’ என்ற கிரேக்கச் சொல் ‘மெகிஸ்தே’. அதற்கு முன்னால் அரபு ‘அல்’ சேர்ந்து ‘அல்மஜிஸ்தீ’. அதை லத்தீன்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கரின் நூலை ஐரோப்பா அரபுப் பெயரில் படித்தது. இன்றும் அதற்கு அதே பெயர்தான்.

*

இப்போது ‘அல்ஜீப்ரா’. நமது பாடநூல்களில் அட்சர கணிதம்.

9ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. பக்தாதில் கலீபா அல் மஃமூனின் காலம். முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மீ ஒரு நூல் எழுதினார். அதன் பெயரில் இரண்டு செயல்கள் வருகின்றன. ஒன்று ‘அல்ஜப்ர்’, மற்றது ‘அல்முகாபலா’.

‘ஜப்ர்’ என்றால் உடைந்ததைச் சேர்த்துச் சீராக்குவது. எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் மட்டைக்கு அரபியில் ‘ஜபீரா’ என்று பெயர். கணக்கில் அது என்ன செய்கிறது? ஓர் எண்ணின் 5 மடங்கிலிருந்து 3ஐக் குறைத்தால் 12 வருகிறது என்று வையுங்கள். அந்த 5 மடங்கு முழுதாக இல்லை, 3 உடைந்து போயிருக்கிறது. இரண்டு பக்கமும் 3ஐச் சேர்த்து முழுதாக்குகிறோம். 5 மடங்கு 15, எண் 3. இதுதான் ஜப்ர்.

‘முகாபலா’ என்றால் எதிரெதிரே நிறுத்துவது. ஓர் எண்ணின் 5 மடங்கும் 2உம், அதே எண்ணின் 3 மடங்கும் 10உம் சமம் என்றால், இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பதை நீக்குகிறோம். 2 மடங்கு 8 ஆகிறது, எண் 4. நமது தரம் 8 பிள்ளை “அந்தப் பக்கம் கொண்டு போனால் குறி மாறும்” என்று பாடமாக்கி வைத்திருப்பது இந்த இரண்டு செயல்களைத்தான். ஏன் குறி மாறுகிறது என்று விளங்காமல் பாடமாக்கிய பிள்ளைக்கு, எலும்பு முறிவுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். விளங்கும்.

அந்தப் பழைய பொருள் ஐரோப்பாவிலும் வாழ்ந்தது. ஸ்பெயினில் முறிவு தறிவு வைத்தியருக்கு ‘அல்ஹெப்ரிஸ்தா’ என்று பெயர் இருந்தது. 1615இல் வெளிவந்த ‘டொன் கிஹோத்தே’யின் இரண்டாம் பாகத்தில் அப்படி ஒரு வைத்தியர் வருகிறார்.

சரி, இது அல் குவாரிஸ்மீயின் சொந்தச் சாதனையா, பெட்டி மாற்றிய வேலையா? அவருக்கு முன்பே இந்தியாவில் பிரம்மகுப்தர் 628இல் இருபடிச் சமன்பாடுகளுக்குத் தீர்வு எழுதியிருந்தார். கிரேக்கத்தில் டயபாந்தஸ் இருந்தார். பாபிலோனியர் களிமண் பலகைகளில் இத்தகைய கணக்குகளைச் செய்திருந்தார்கள். அல் குவாரிஸ்மீ செய்தது, சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வழியைச் சொல்லி, அந்த வழி சரி என்று வடிவங்கள் வரைந்து காட்டியது. தனித்தனிக் கணக்குகளாக இருந்தது ஒரு பாடமாக மாறியது அப்போதுதான். பாடத்துக்கே அவர் நூலின் சொல் பெயரானதும் அதனால்தான்.

அந்த நூலின் பின்பகுதி எதைப் பற்றியது தெரியுமா? பெரும்பாலும் மரணசாசனமும் மீராஸ் பங்கீடும். சொத்துப் பிரிக்கும் வீட்டில் எழும் கேள்விகளுக்கு விடை காண்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. 1145இல் செகோவியா நகரில் செஸ்டரின் றொபர்ட் என்ற ஆங்கிலேயர் அட்சர கணிதப் பகுதியை லத்தீனுக்கு மாற்றினார். ‘அல்ஜப்ர்’ அதோடு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது.

*

அதே மனிதரின் பெயரிலிருந்து இன்னொரு சொல்லும் வந்தது. ‘அல்கொரிதம்’. தொலைபேசியில் எந்தப் பதிவு முதலில் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் அந்த அல்கொரிதம்தான்.

‘குவாரிஸ்மீ’ என்றால் குவாரிஸ்ம் ஊர்க்காரர். ஆரல் கடலுக்குத் தெற்கே உள்ள பிரதேசம் அது, மத்திய ஆசியா. அவர் அரபியில் எழுதினார், ஆனால் அரபு நாட்டில் வேரூன்றிய குடும்பம் அல்ல. இந்தியரின் எண் முறையைப் பற்றி அவர் எழுதிய நூலின் அரபு மூலம் இன்று இல்லை. லத்தீன் வடிவம் மட்டும் இருக்கிறது. அதில் அவர் பெயர் ‘அல்கொரித்மி’ என்று எழுதப்பட்டது. காலப்போக்கில் ஆளின் பெயர் மறந்து, அந்தப் புதிய இலக்கங்களால் கணக்குச் செய்யும் முறைக்கே அது பெயராகிவிட்டது.

அந்த இலக்கங்களில் ஒன்று வெறுமை. சமஸ்கிருதத்தில் ‘சூன்ய’. அதையே அரபியில் ‘ஸிஃப்ர்’ என்று மொழிபெயர்த்தார்கள், வெற்று என்று பொருள். அந்த ஒரே சொல் ஐரோப்பாவில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை ‘சீரோ’, மறு கிளை ‘சைபர்’. நமது ஊரில் இன்றும் “கணக்கில் சைபர் எடுத்தான்” என்கிறோம். இந்தியாவில் பிறந்து, பக்தாதுக்குப் போய், லத்தீன் உடுத்து, ஆங்கிலத்தில் ஏறி நம்மிடம் திரும்பி வந்த சொல் அது.

ஆகவே ‘அரபு எண்கள்’ என்று ஐரோப்பியர் சொல்வதைக் கேட்டு நாம் மார்தட்டினால், அது அல் குவாரிஸ்மீக்கே பிடிக்காது. இவை இந்தியரின் எண்கள் என்று வெளிப்படையாக எழுதியவர் அவர். அந்த நேர்மையும் நமது வரலாறுதான்.

*

எல்லோரும் தயங்கும் சொல் ‘அல்ககோல்’. பட்டியலில் அதைப் போடுவதா விடுவதா என்று பலருக்குக் குழப்பம்.

அகராதிகள் காட்டும் வேர் ‘அல்குஹ்ல்’. கண்ணுக்கு இடும் சுருமா! கல்லை மிக மென்மையாக அரைத்து எடுக்கும் தூள். லத்தீனுக்குப் போனபோது அது எந்த மென்தூளுக்கும் பெயரானது. பிறகு, ஒரு பொருளை வடித்துச் சுத்தமாக்கினால் கிடைக்கும் சாரத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் பராசெல்சஸ் என்ற வைத்தியர் வைனை வடித்து எடுத்த சாரத்தை ‘வைனின் அல்கொல்’ என்ற பொருளில் குறிப்பிட்டார். காலப்போக்கில் ‘வைனின்’ விழுந்துவிட்டது. மிஞ்சியது ‘அல்ககோல்’.

இந்தப் பொருள் மாற்றம் முழுக்க ஐரோப்பாவில் நடந்தது. அரபியில் மதுவுக்கு ‘கம்ர்’ என்றே சொன்னார்கள். இன்று அரபியில் வழங்கும் ‘அல்குஹூல்’, ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி வந்த பொருளைச் சுமக்கிறது. குர்ஆனில் வரும் ‘கவ்ல்’ என்ற சொல்லிலிருந்துதான் அல்ககோல் வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். ஒலி ஒத்திருக்கிறது. ஆனால் லத்தீன் ஏடுகளில் இந்தச் சொல் முதலில் நிற்பது மதுவின் பக்கத்தில் அல்ல, தூளின் பக்கத்தில். அதனால் சுருமாதான் சரியான வழி.

*

இன்னும் சில சொற்கள், சுருக்கமாக.

‘அல்கலி’: ‘அல்கலீ’, உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பல். சவர்க்காரத்துக்கும் கண்ணாடிக்கும் பயன்பட்டது. இதிலிருந்தே பொட்டாசியத்துக்கு ‘கலியம்’ என்ற லத்தீன் பெயர் வந்தது. ஆவர்த்தன அட்டவணையில் பொட்டாசியத்துக்குப் பொருந்தாத ‘கே’ என்ற குறியீடு ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு இதுதான் பதில்.

‘அல்கோவ்’: சுவரில் உள்வாங்கிய சிறு அறை. வேர் ‘அல்குப்பா’. நமது பள்ளிவாசல் குப்பாவேதான்.

‘அசிமத்’, ‘செனித்’: இரண்டும் ‘ஸம்த்’, திசை என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. முதலாவதில் ‘அஸ்ஸுமூத்’ என்று ‘அல்’ மறைந்திருக்கிறது. இரண்டாவதில் ‘அல்’ இல்லை, பிரதி எழுதியவர்கள் ‘எம்’ என்ற எழுத்தை ‘என்’, ‘ஐ’ என்று பிரித்து வாசித்ததால் ‘ஸம்த்’ ‘செனித்’ ஆகிவிட்டது.

‘அல்டெபரான்’: ‘அத்தபரான்’, பின்தொடர்பவன். கார்த்திகைக் கூட்டத்துக்குப் பின்னால் உதிக்கும் ரோகிணி நட்சத்திரம். ‘அல்தயர்’ என்பது ‘அத்தாயிர்’, பறப்பது. தமிழில் திருவோணம். ‘அல்கோல்’ என்பது ‘ரஃஸுல் கூல்’, பேயின் தலை. ஏறத்தாழ 2 நாள் 21 மணித்தியாலத்துக்கு ஒரு முறை ஒளி மங்கும் நட்சத்திரம் அது.

‘எப்ரிகொட்’: இதன் பயணம் நீளம். சீக்கிரம் பழுப்பது என்ற லத்தீன் சொல், கிரேக்கத்துக்குப் போய், அரபியில் ‘அல்பர்கூக்’ ஆகி, ஸ்பெயின் வழியாக ஆங்கிலம் போனது. லத்தீன் தன் சொல்லையே அரபு உடுப்பில் திரும்பப் பெற்றது.

‘அல்கெமி’: வேர் கிரேக்கம், ‘அல்’ அரபு. 16ஆம் நூற்றாண்டில் அக்ரிகோலா போன்ற அறிஞர்கள் அந்த ‘அல்’லை வெட்டிவிட்டார்கள். வெட்டிய பிறகு மிஞ்சியது ‘கெமிஸ்ட்ரி’.

‘அனிலின்’: ‘அந்நீல்’, அவுரிச் சாயம். அதன் வேர் சமஸ்கிருத ‘நீல’. நாம் சொல்லும் நீலம். 1856இல் இந்த அனிலினை வைத்து வேலை செய்தபோதுதான் வில்லியம் பேர்கின் என்ற 18 வயது இளைஞருக்கு முதல் செயற்கைச் சாயம் கிடைத்தது. ‘சுகர்’ என்பதன் வேரும் அப்படியே சமஸ்கிருத ‘சர்க்கரா’, நமது சர்க்கரை.

*

இவ்வளவும் எதற்கு?

நமது பிள்ளை ஒருநாள் பல்கலைக்கழகத்திலோ அலுவலகத்திலோ வேறு சமூகத்துப் பிள்ளைகளோடு உட்காரும். அங்கே “அல்பம் அரபுச் சொல்” என்று சொன்னால் யாராவது ஒருவர் அகராதியைத் திறந்து காட்டுவார். சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ‘அல்ஜீப்ரா’வைப் பற்றி உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பொய்யான பத்துச் சொற்களைச் சேர்த்ததால் உண்மையான பத்தும் பறிபோகும். நம்மைப் பற்றி மற்றவர்கள் பரப்பும் பொய்க்கு ஆதாரம் கேட்கிறோம். நமக்குச் சாதகமாக வரும் செய்திக்கும் அதே ஆதாரத்தைக் கேட்பதுதான் நீதி.

மறுபக்கத்தில், “வெறும் மொழிபெயர்ப்பாளர்கள்” என்று சொல்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு சின்ன வேலை அல்ல. பக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். கணிதமும் வானியலும் எழுதிய தாபித் இப்னு குர்ரா ஹர்ரான் நகரத்து ஸாபியர். அல் குவாரிஸ்மீ மத்திய ஆசியர். இவர்கள் எல்லோரையும் ஒரே மொழியில் எழுத வைத்த ஒரு சமூகம் இருந்தது. அடுத்தவரிடமிருந்து படிப்பதை அது குறைவாக நினைக்கவில்லை. எடுத்ததை எடுத்தோம் என்று சொன்னது. மேலே தன் பங்கையும் சேர்த்தது. அந்த ‘அல்’ எழுத்துகள் காட்டுவது இதைத்தான்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சின்ன வழி. ‘அல்’லில் தொடங்கும் ஒரு சொல் வந்தால் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

1. முதல் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அரபியில் ஒரு சொல்லா? ‘அல்குப்பா’வில் ‘குப்பா’ மிஞ்சும். ‘அல்பம்’இல் என்ன மிஞ்சும்?

2. பழைய பொருளுக்கும் இன்றைய பொருளுக்கும் இடையில் படிப்படியாக வழி காட்ட முடியுமா? சுருமா, தூள், சாரம், அல்ககோல் என்று காட்ட முடிகிறது.

3. எந்த ஊர் வழியாக, யார் கையால் வந்தது? செகோவியா, தொலேடோ, சிசிலி என்று ஒரு பாதை இருக்க வேண்டும்.

மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் பகிர வேண்டாம்.

பயிற்சிக்கு ஒரு சொல்லையும் நானே தருகிறேன். வீட்டில் உடுப்பு வைக்கும் அலுமாரி. ஆங்கிலத்தில் ‘அல்மைரா’ என்று ஏ, எல் எழுத்துகளிலேயே தொடங்கும். அரபு போலவே தோன்றும். ஆனால் போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தவர்கள், அவர்களுடைய ‘அர்மாரியோ’தான் அது. அதன் வேர் லத்தீன் ‘அர்மாரியும்’, ஆயுதங்களும் கருவிகளும் வைக்கும் பெட்டி. அங்கே ‘ல’ என்ற ஒலியே கிடையாது. பெருநாளைக்குச் செய்யும் அலுவாவோ உண்மையில் அரபு ‘ஹல்வா’. ஆனால் அதில் இருக்கும் ‘அல்’ அந்த ‘அல்’ அல்ல, ‘ஹ’ உதிர்ந்ததால் அப்படித் தெரிகிறது.

வீட்டில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்து தேடிப் பாருங்கள். கிடைப்பதைக் கீழே எழுதுங்கள். சேர்ந்து சரிபார்ப்போம்.

வஸ்ஸலாம்.